பத்தொன்பதாம் எண் ரேடியோ

ஜபல்பூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தாருக்கு ராணுவச் சிக்னல் படை புதியதன்று. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் தோன்றிய அப்படையின் பயிற்சி நிலையம் இந்நகரிலேயே உள்ளது. அப்படையில் ரேடியோ மெக்கானிக்காகப் பணிபுரிந்து ஓய்வு பெற்று, அண்மையில் மறைந்த பெரியவர் ஒருவர் நம் காலனியில் இருந்தார். அவர் வீட்டுப் பரணில் கனத்த இரும்புப் பெட்டி ஒன்று கிடந்தது. பழஞ்சாமான் ஏலத்தில் எடுத்ததாம். காலனிச் சிறுவர் அதனைத் தையல் இயந்திரம் என்றே எண்ணியிருந்தனர். இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங் கழிக்கும் நாமும் அப்பெட்டியின் வரலாற்றை அவர் வாய்மொழியால் அறிந்து, பின்னர் நூல்களிலும் தேடிப் படித்தோம்.

அதன் பெயர் ‘ஒயர்லெஸ் செட் எண் 19’. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின், 1940-இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் டாங்கிகளுக்கென்று கேம்பிரிட்ஜ் நகரத்துப் பை நிறுவனத்தார் உருவாக்கியது. ஒரே பெட்டிக்குள் மூன்று வசதிகள் இருந்தன. தொலைவில் உள்ளோருடன் பேச ‘ஏ’ செட். அருகில் ஓடும் டாங்கிகளுடன் பேச ‘பி’ செட். ஒரே டாங்கிக்குள் இருப்போர் இரைச்சலுக்கிடையே தம்முள் பேசிக்கொள்ள இண்டர்காம். பின்வந்த மாதிரிகளில் ‘ஏ’ செட் 2 முதல் 8 மெகாசைக்கிள் வரை வேலை செய்தது. (சைக்கிள் என்று அந்நாளில் கூறியதையே இன்று ஹெர்ட்ஸ் என்கிறோம்.) கனடாவிலும் அமெரிக்காவிலும் இவை திரளாகச் செய்யப்பட்டன. ரஷ்யாவுக்குச் சென்றவற்றின் முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பெரியவர் வீட்டுப் பெட்டியிலும் அவ்வெழுத்துகளே. ரஷ்யா போக வேண்டியது எவ்வாறு நர்மதைக் கரைக்கு வந்ததோ!

இதன் உட்கருவிகளின் அமைப்பே நம் கட்டுரைக்குப் பொருள். வீட்டு ரேடியோவுக்குக் காது மட்டுமே உண்டு, வாயில்லை. நிலையத்தை விட்டு முள் சற்று விலகினால் பாட்டுக் கரகரக்கும், அவ்வளவே. பேசவும் கேட்கவும் வேண்டிய கருவியிலோ இரண்டும் ஒரே அலைவரிசையில் நின்றாக வேண்டும். பத்து டாங்கிகள் ஒரு வலையாகச் சேர்ந்து பேசும்போது, ஒன்று மட்டும் சிறிது விலகி நின்றால், அதன் குரல் மற்றவர் காதில் விழாது. ‘பின்வாங்குக’ என்னும் கட்டளை அதற்கு எட்டாது. உயிர் போகும் பிழை அது.

இதற்குப் பொறியாளர் கண்ட வழி மிக அழகானது. ‘ஏ’ செட்டின் கேட்கும் பகுதி, வரும் அலையைத் தன்னுள் இருக்கும் ஓர் ஆசிலேட்டரின் அலையோடு கலந்து, 465 கிலோசைக்கிள் என்னும் இடைநிலை அலையாக்கிப் பெருக்கும். அனுப்பும் பகுதிக்குத் தனி ஆசிலேட்டர் வைக்கவில்லை. கேட்கும் பகுதியின் ஆசிலேட்டரையே எடுத்து, 465 கிலோசைக்கிளில் துடிக்கும் வேறொரு சிறு ஆசிலேட்டரோடு கலந்து, வெளியே அனுப்பும் அலையைப் பெற்றனர். ஆகவே காதைத் திருப்பினால் வாயும் உடன் திரும்பும். தலைமை நிலையத்தார் அழைப்பு விடுப்பர். ஏனையோர் ‘நெட்’ என்னும் ஸ்விட்சைப் போடுவர். காதில் ஒரு சீழ்க்கை ஒலி கேட்கும். குமிழை மெல்லத் திருப்ப, அது தாழ்ந்து தாழ்ந்து, உறுமலாகி, மறையும். மறையும் புள்ளியே சரியான இடம். இவ்வாறு பிடித்த இரண்டு இடங்களைச் சிவப்பென்றும் நீலமென்றும் குறித்துத் திருகிப் பூட்டிவிட்டால், பின்னர் நொடியில் மாறிக்கொள்ளலாம்.

ஆனால் இவ்வழகிலேயே ஒரு வினையும் இருந்தது. பயிற்சிக் காலத்தில் தமக்கு நேர்ந்ததைப் பெரியவர் கூறினார். ‘பேசினால் எல்லோருக்கும் கேட்கிறது; எனக்குத்தான் பிறர் பேச்சு மெலிந்து கேட்கிறது’ என்னும் குறையோடு செட் ஒன்று அவரிடம் வந்ததாம். அவர் வால்வுகளை ஒவ்வொன்றாய் மாற்றினார். பகல் முழுதும் போயிற்று, குறை போகவில்லை. மாலையில் பயிற்றுநர் வந்து சிறிய டிரிம்மர் ஒன்றைச் சற்றே திருப்பினார். குரல் மணிபோல் ஒலித்தது. அந்தச் சிறு ஆசிலேட்டர் 465-ஐ விட்டு நழுவியிருந்திருக்கிறது. அது 467-இல் நின்றதென்று வைத்துக்கொள்வோம். சீழ்க்கை மறையும் புள்ளியில் நிறுத்தினால், அனுப்பும் அலை சரியாகவே அமையும். ஏனெனில் கலப்பதும் அதே 467 அன்றோ? ஆயின் வரும் அலை, 465-க்குச் சீர்செய்த பெருக்கியின் உச்சியில் விழாது சரிவில் விழும், குரல் மெலியும். மெலிகிறதே என்று காதுக்கு இனியவாறு குமிழைத் திருப்பினாலோ, பேசுவது வலைக்கு வெளியே போய்விடும்.

ஆகவே பழுது பார்ப்போருக்கு வரிசை ஒன்று விதிக்கப்பட்டிருந்தது. அதில் முன்பின் கூடாது. முதலில் செட்டை ஓடவிட்டு நன்கு சூடேற்ற வேண்டும். குளிர்ந்த நிலையில் செய்த சீர் சூட்டில் கலைந்துவிடும். அடுத்து, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 465 கிலோசைக்கிளைச் செலுத்தி, இடைநிலைச் சுருள்களைக் கடைசியிலிருந்து முதல் நோக்கி ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். செலுத்தும் அலை மிக மெல்லியதாய் இருத்தல் வேண்டும். வலுத்தால் செட் தானாகவே ஒலியைக் குறைத்துக்கொண்டு உச்சியை மறைத்துவிடும். பிறகு முகப்பு எண்களோடு ஆசிலேட்டரை ஒத்துவரச் செய்தல்: கீழ்முனையில் திருத்தினால் மேல்முனை கலையும், மேல்முனையில் திருத்தினால் கீழ்முனை கலையும்; இரண்டும் அடங்கும்வரை மாறி மாறித் திருத்த வேண்டும். அதன்பின்னரே சிறு ஆசிலேட்டர். அதற்கும் பின்னரே அனுப்பும் பகுதி. இரும்புத் திருப்புளி அருகே வந்தாலே சுருளின் குணம் மாறுமாதலால், இரும்பில்லாத திருப்புளியே ஆகும். நாம் ஒருநாள் நம் வீட்டு இரும்புத் திருப்புளியோடு உதவ முன்வந்தபோது, ‘அதைத் திண்ணையில் வைத்துவிட்டு வா தம்பி’ என்றார்.

அமெரிக்கர் வேறு வழி சென்றனர். கையில் ஏந்திப் பேசும் எஸ்.சி.ஆர். 536 என்னும் கருவியில் அலைவரிசையைக் குவார்ட்ஸ் படிகத்தால் கட்டினர். குமிழைத் திருப்பும் வேலை இல்லை. ஆனால் அலைவரிசையை மாற்ற வேண்டுமானால் படிகங்களை மாற்றி உள்ளே சீர்செய்யவும் வேண்டும். களத்தில் நிற்கும் சிப்பாயால் அஃது இயலுமோ? பிரிட்டிஷ் முறையில் உழைப்பு ஆபரேட்டரின் காதுக்கு; அமெரிக்க முறையில் மெக்கானிக்கின் மேசைக்கு. நமக்கென்னவோ முன்னதே பிடித்திருக்கிறது, பெரியவருக்கும் அப்படியே.

இன்று நம் இரயில் கார்டு (2022 முதல் அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர்) இடுப்பில் செருகியிருக்கும் வாக்கி-டாக்கியில் அலைவரிசைகளைக் கம்ப்யூட்டர் மூலமே பதிகின்றனர். அதற்குள்ளும் அளவுகோலாக ஒரு படிகமே இருக்கிறது. அதுவும் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறிது நழுவும்.

பெரியவர் மறைந்தபின் அவர் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தோம். உட்புறத்தில் பென்சிலால், ‘465 சரி’ என்று தமிழில் எழுதி, கீழே ஏழெட்டுத் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறித்திருந்தார். அவ்வில்லத்தார் மனமுவந்து இசைந்தமையால், இவ்வாண்டு விழாவில் அப்பெட்டி நுழைவாயிலுக்கு வலப்புறத்து மேசைமேல் வைக்கப்பெறும். சிறுவர்கள் குமிழ்களைத் திருப்பலாம். டிரிம்மர்களைத் தொடாதிருக்கப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.