தொடுகைக்கு ஒரு ஒத்திகை: பீனா பௌஷின் 'கொன்ராக்ட்ஹோஃப்'

ஒருவர் பின் ஒருவராக மேடையின் முன்விளிம்புக்கு வருகிறார்கள். பல்லைக் காட்டுகிறார்கள், கையைத் திருப்பிக் காட்டுகிறார்கள், பக்கவாட்டில் நிற்கிறார்கள், தலைமயிரைக் கோதிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். மாட்டுச் சந்தையும் பெண்பார்க்கிற வீடும் ஒண்டாச் சேர்ந்த மாதிரி. "இதில எங்க டான்ஸ் இருக்கு?" எண்டு எங்களில் ஒருவர் பத்து நிமிடத்துக்குள்ளேயே கேட்டுவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. எழுபதுகளில் பீனா பௌஷின் படைப்புகளைப் பார்க்க வந்த ஜேர்மனியரிலும் சிலர் பாதியில் எழும்பி, கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனவர்கள்தான்.

பீனா 1940 இல் சோலிங்கன் நகரில் பிறந்தார். பெற்றோர் சிறிய விடுதியும் உணவகமும் நடத்தினார்கள். நித்திரைக்குப் போகாமல் மேசைக்குக் கீழே ஒளிந்திருந்து, பெரிய ஆக்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவர். பிறகு எசனில் குர்ட் யூஸிடம் படிப்பு, நியூயோர்க்கில் ஜூலியார்ட் கல்லூரி. 1973 இல், தொங்கு ரயிலுக்குப் பெயர்போன வூப்பெர்டால் நகரின் நடனக் குழுவைப் பொறுப்பெடுத்தார்.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது 1978. அந்த வருடம் போஹும் நகரில் ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்'தை வைத்து ஒரு படைப்புச் செய்ய அவரை அழைத்தார்கள். குழுவில் நடனக்காரர் மட்டுமில்லை, நடிகர்களும் பாடகரும் இருந்தார்கள். நடிகருக்கு அடவு சொல்லிக்கொடுத்து ஆடவைக்கிறது நடக்கிற காரியமா? அதனால் அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். சின்ன வயதுப் பயம், ஏக்கம், ஒருவரை அன்பாகத் தொடுகிற விதம் என்று என்னவும் கேட்கலாம். பதில் ஒரு அசைவாக இருக்கலாம், கதையாக இருக்கலாம், பள்ளிக்கூட முற்றத்தில் விளையாடிய விளையாட்டாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் குறித்துவைப்பார். கடைசியில் மேடைக்கு வருவது அதில் கொஞ்சம்தான். வேறு வழியில்லாமல் கண்டுபிடித்த இந்த முறையை அவர் பிறகு விடவேயில்லை.

அதே வருடம் டிசம்பரில் வந்தது 'கொன்ராக்ட்ஹோஃப்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் தொடர்புகொள்ளும் முற்றம். பாலியல் தொழில் நடக்கும் விடுதிகளில் பெண்களும் வாடிக்கையாளரும் சந்திக்கிற முற்றத்துக்கும் ஜேர்மனியில் இதுதான் பெயர். ரோல்ஃப் போர்ட்சிக் அமைத்த மேடை ஒரு பழைய நடன மண்டபம்: சுவரோரம் கதிரைகள், ஒரு பியானோ. பெண்கள் பளபளக்கும் கவுணில், ஆண்கள் கோட் சூட்டில். பழைய ஜேர்மன் டாங்கோப் பாட்டுகள் ஓடுகின்றன. ஒரு பெண் சபையிடம் சில்லறை கேட்டு வாங்கி, காசு போட்டால் ஆடுகிற குதிரையில் ஏறி ஆடுகிறாள். சிரிப்பு வருகிறது.

ஆனால் அந்த ஒரு காட்சி! நடுவில் ஒரு பெண் தனிய நிற்கிறாள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைத் தொடுகிறார்கள். ஒருவர் கன்னத்தைத் தடவுகிறார், ஒருவர் மூக்கைச் செல்லமாகக் கிள்ளுகிறார், இன்னொருவர் தலையைக் கோதுகிறார். தனித்தனியே பார்த்தால் எல்லாம் அன்புதான். கைகள் கூடக் கூட அது தாக்குதலாகிவிடுகிறது. எந்தக் கையில் அது மாறியது எண்டு நாங்கள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம், பிடிபடவில்லை. பேருந்திலும் குடும்ப விழாக்களிலும் "சும்மா, பாசத்தில தொட்டது" என்ற விளக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தூரத்து நாட்டுக் கதையில்லை.

2000 இல் பீனா இதே படைப்பை 65 வயதுக்கு மேற்பட்ட வூப்பெர்டால்வாசிகளிடம் கொடுத்தார். தொழில்முறை நடனக்காரர் ஒருவருமில்லை. 2008 இல் 14 வயதும் அதற்குக் கொஞ்சம் மேலுமான பள்ளிப் பிள்ளைகள். அடவுகளையோ உடுப்புகளையோ லேசாக்கவில்லை. அதே கவுண், அதே சூட். ஜோ ஆன் எண்டிகொட்டும் பெனடிக்ட் பில்லியேயும் வாரம் வாரம் பயிற்சி கொடுத்தார்கள். 2010 இல் வெளிவந்த 'தான்ஸ்ட்ரொய்ம' ஆவணப்படத்தில் அந்த ஒத்திகைகளைப் பார்க்கலாம். பீனா யாரெண்டே தெரியாமல் வந்த பிள்ளைகள் நிறைய. ஒருவரையொருவர் தொட வெட்கம், அடக்கமுடியாத சிரிப்பு. விளையாட்டை அப்போதுதான் விட்டுவந்த வயது, தொடுகை இன்னும் பழகாத வயது. முதியோரின் கையில் ஞாபகமாகத் தெரிந்த அதே அசைவு, இவர்களிடம் இனி வரப்போவதின் ஒத்திகையாகத் தெரிகிறது. இளைஞர்களாகிய நாங்கள் இப்படிச் சொல்லக்கூடாதோ தெரியாது, ஆனாலும் எங்களைக் கூடுதலாக உலுப்பியது முதியோர்தான்.

பிள்ளைகளின் மேடையேற்றம் 2008 நவம்பரில் நடந்தது. அடுத்த வருடம் யூன் 30 அன்று, புற்றுநோய் என்று தெரியவந்து ஒரு கிழமைகூட ஆகாமல், பீனா இறந்துபோனார்.

2024 இல் மெரில் டாங்கர்ட் இதைத் திரும்பவும் எடுத்தார். அவரும் 1978 இல் ஆடியவர். அன்றைய குழுவில் ஆடக்கூடியவர்களைக் கூட்டி, பழைய ஒளிப்பதிவைத் திரையில் ஓடவிட்டு, அதற்கு முன்னால் அவர்களையே ஆடவைத்தார். திரையில் இருபதுகளில், முப்பதுகளில் இருந்த அவர்களின் உடம்பு. மேடையில் எழுபது தாண்டிய அதே உடம்பு. திரையில் இருக்கிற சிலர் இப்போது உயிரோடில்லை. அவர்களோடு ஆடியவர்கள் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.