கப்பலைக் கடந்த பெயர்

எம்டன் கப்பல் ஜொகூர் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அதன் பெயர்தான் அந்தக் கரைவரை வந்தது, அதுவும் கைதிகளைத் தொற்றிக்கொண்டு.

எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஒரு ஜெர்மானியத் துறைமுக ஊரின் பெயர் அது. 1908இல் டான்சிக்கில் நீரில் இறக்கிய போர்க்கப்பலுக்கு அதைச் சூட்டினார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு அந்தக் கப்பல் சென்னையில் பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. மறுநாளே ஊரைக் காலி செய்யத் தொடங்கினார்கள். கேப்டன் கார்ல் ஃபோன் முல்லரின் பெயர் நம்மவர் வாயில் நிற்கவில்லை. கப்பலின் பெயர்தான் நின்றது. மிரட்டி வேலை வாங்கும் கெடுபிடிக்காரர் எல்லாம் ‘எம்டன்’ ஆனார்கள். விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அதில் வந்தார் என்று இன்றும் சத்தியம் செய்பவர்கள் உண்டு. அவரோ அப்போது ஐரோப்பாவில் இருந்தார்.

அக்டோபர் 28 அன்று எம்டன் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து ரஷ்யாவின் ‘ஷெம்சுக்’ கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டியது. எம்டன் பிடித்த ‘எக்ஸ்ஃபோர்ட்’ என்ற நிலக்கரிக் கப்பலை ஓட்டிவந்த யூலியஸ் லாட்டர்பாக் டிசம்பரில் சிக்கி, சிங்கப்பூர் டங்ளின் முகாமில் அடைபட்டார்.

1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை. சக முஸ்லிம்களான துருக்கியரோடு போரிட அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தியால் கொதித்த, சிங்கப்பூரில் இருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். உண்மையில் அவர்கள் ஹாங்காங் போகவிருந்தார்கள். முகாமைத் திறந்து ஜெர்மானியர்களுக்குத் துப்பாக்கி நீட்டினார்கள். பெரும்பாலோர் கை நீட்டவில்லை. லாட்டர்பாக் கலகத்தில் சேராமல், குழப்பத்தைப் பயன்படுத்திச் சிலரோடு தப்பி சுமத்ரா போய்ச் சேர்ந்தார். நீரிணையைத் தாண்டி ஜொகூருக்குள் ஓடிய சிப்பாய்களுக்கு அந்த யோகமில்லை. சுல்தான் இப்ராகிமின் படை அவர்களைப் பிடித்துக் கொடுத்தது. கலகத்துக்காக நாற்பத்தேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஜெர்மனியிலோ கப்பலில் பிழைத்தவர்கள் தங்கள் குடும்பப்பெயரோடு ‘எம்டன்’ சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பிள்ளைகளுக்கும் அது இறங்கியது. இளவரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் ஹோஹென்சோலர்ன்-எம்டன் ஆனார். ராபர்ட் விட்ஹோஃப்ட்-எம்டன் பின்னாளில் வாஷிங்டனில் ஜெர்மன் கடற்படைத் தூதரக அதிகாரியாக இருந்தார்.

இங்கே 2006இல் ‘எம்டன் மகன்’ என்று எடுத்த படத்தில் நாசர் அப்படியொரு கண்டிப்பான தகப்பன். தமிழ்ப் பெயருக்கு அப்போது வரிவிலக்கு இருந்ததால் ‘டன்’ உதிர்ந்து, படம் ‘எம் மகன்’ என்று வெளிவந்தது.