போல்ட் துளை பொருந்தினால் போதுமா?



நம்மில் பலர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு பாலாவிக்கும் கல்பிட்டிக்கும் வந்தவர்கள். அந்தத் தடைக் காலத்தில் நாம் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்கவில்லை. பழைய மொரிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட்டாகி மண்ணெண்ணெயில் ஓடின. எப்படி?

விடை சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. 1951இல் ஒஸ்டின் ஏ30 காருடன் வந்த 803 சிசி எஞ்சினின் போர் 58 மில்லிமீற்றர். ஹெட்டில் ஹரி வெஸ்லேக்கின் இதய வடிவ எரியறை. அழுத்த விகிதம் வெறும் 7.2. மண்ணெண்ணெய் அழுத்தத்தில் எளிதில் தானாகவே பற்றிவிடும். அதற்குக் குறைந்த விகிதமே தோது.

1956இல் மொரிஸ் மைனர் 1000க்காக போரை 62.9 ஆக்கினார்கள். பிஸ்டன் ஓடும் தூரம் மாறவில்லை. ஒரு சிலிண்டர் 200 சிசியிலிருந்து 237 ஆனது. எரியறையின் கொள்ளளவை மாற்றாவிட்டால் விகிதம் 8.3க்கு ஏறிவிடும். நல்ல பெற்றோலுக்கு அது சரி. மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும், பிஸ்டன் பழுதாகும்.

பின்னர் வந்த 1275 சிசி ஹெட்டை 1098 புளொக்கில் பூட்டுபவர்களும் உண்டு. போல்ட் துளைகள் பொருந்தும். ஆனால் 70.6 போருக்கான வால்வு 64.6 போரின் விளிம்பில் முட்டும். புளொக்கில் பள்ளம் வெட்டியே தீர வேண்டும்.

கராஜில் தொழில் பழகும் நம் பிள்ளைகளே, உருளையின் கனவளவு பரீட்சைக்கு மட்டுமான பாடமல்ல. ஹெட்டைப் பூட்டுமுன் போரையும் எரியறையையும் அளந்து பாருங்கள்.