கடாரத்துச் செங்கல்

நம் ஊர்க் கோயில்கள் எழுந்த வரலாறும், தோட்டங்களிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் பிறைக் கரையில் வந்து கூடிய நம் முன்னோர் பட்ட பாடும் செபராங் ஜெயா மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, இங்கிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில், செம்பனைக்கு நடுவே கிடக்கும் பழைய செங்கற்களைப் பற்றிச் சொல்கிறேன். இன்றைய கெடாவான கடாரம் என்றதும் நம்மவர் மனத்தில் சோழரின் கப்பற்படையும் புலிக்கொடியும் எழுகின்றன, செங்கல் எழுவதில்லை. இது எனக்கு நெடுநாளாக உள்ள குறை.

நாம் வாழ்வதும் கடார மண்ணே

செபராங் பிறை 1800ஆம் ஆண்டு வரை கெடா சுல்தானின் நாடு. அந்த ஆண்டுதான் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மூடா ஆற்றை எல்லையாக வைத்து அந்தப் பக்கம் கடாரம், இந்தப் பக்கம் பினாங்கு என்று நாம் எண்ணுவது இருநூற்றுச் சொச்சம் ஆண்டுப் பழக்கமே. நம் பக்கத்து மண்ணும் வெறுமண் அன்று. 1834இல் கேப்டன் ஜேம்ஸ் லோ என்பவர் செபராங் பிறையில் ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். அதில் ஏழு குடைகள் அடுக்கிய தூபி ஒன்று கீறப்பட்டிருக்கிறது. பக்கத்தில் செம்மண் நாடு எனப் பொருள்படும் ரக்தமிருத்திகையைச் சேர்ந்த மாநாவிகன் புத்தகுப்தன் என்னும் கப்பல் தலைவனின் பெயர் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டு எழுத்து. அந்தக் கல் இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் தேவாலய வளாகத்துப் பாறை மீதும் பழைய எழுத்து இருக்கிறது. சூலை மாதத் திருவிழாவுக்கு அங்கே போகும் நம்மவர் பலர், அதைப் பாராமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

சங்க காலப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பண்டங்களை அடுக்கும்போது, ஈழத்து உணவோடு காழகத்துப் பொருளையும் சேர்த்தே சொல்கிறார். காழகம் கடாரமே என்று உரை வகுத்தார் நச்சினார்க்கினியர். சீனத் துறவி யீ சிங் ஏழாம் நூற்றாண்டில் கடாரத்தில் தங்கிச் சென்றவர். இங்கிருந்து முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்த ஒரு துறவியின் பயணத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார். முப்பது நாள்! அவ்வளவு அருகில் இருந்திருக்கின்றன இரண்டு கரைகளும்.

மெர்போக்கும் சுங்கை பத்தும்

கெடாவின் ஜெராய் மலை அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கை முறையாக ஆராய்ந்தவர்களில் முதல்வர்கள் குவாரிச் வேல்ஸ், அவர் மனைவி டோரதி ஆகிய இருவர். 1936, 37ஆம் ஆண்டுகளில் அவர்கள் தோண்டிப் பதிந்த இடங்கள் முப்பது. இன்றும் அங்குள்ள சண்டிகள் எனப்படும் பழங்கோயில்கள் அவர்கள் இட்ட எண்களால்தான் அறியப்படுகின்றன. இந்தியர் இங்கே குடியேற்ற நாடு அமைத்தார்கள் என்று வேல்ஸ் கருதினார். பின்வந்த அறிஞர்கள் அதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. மண் இந்நாட்டினுடையது, அதைக் குழைத்தவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டு மக்களாகவே இருந்திருப்பர். கடல் கடந்து வந்தவை கோயில் அமைக்கும் நூலறிவும், வழிபாட்டு முறையும், வணிகரின் பொருளும்.

மெர்போக்கின் புக்கிட் பத்து பாஹாட்டில் உள்ள எட்டாம் எண் சண்டியை 1959, 60இல் அலஸ்டர் லாம்ப் தோண்டி மீட்டுக் கட்டினார். அதன் பக்கத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. அது கருங்கல் கட்டடம் என்பதால் எல்லாரும் அதன் முன் நின்று படம் எடுக்கிறார்கள். பள்ளத்தாக்கில் வேறு பல இடங்களில் செங்கல்லாலும் செம்புறைக்கல்லாலும் ஆன அடித்தளமே எஞ்சியிருக்கிறது. மேலே மரத்தூணும் கூரையும் இருந்திருக்க வேண்டும். இந்த நாட்டு மழையும் கறையானும் அவற்றை விட்டு வைக்கவில்லை.

பள்ளத்தாக்கின் மற்றோர் இடமான சுங்கை பத்து வேறு வகை. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு செய்து, படகுத்துறைகள், இரும்பு உருக்கிய உலைகள், களிமண் துருத்திக் குழாய்கள், ஒரு வழிபாட்டு மேடை ஆகியவற்றை வெளிப்படுத்தினர். மேடையின் அடி வட்டமாகவும் மேல் சதுரமாகவும் இருக்கிறது. அடுக்கிய செங்கற்களுக்கு மேல் இப்போது தகரக்கூரை போட்டிருக்கிறார்கள். படகுத்துறை என்று எழுதி வைத்த இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் ஆறு தெரிவதில்லை. பழைய ஆறு தூர்ந்து நிலமாகிவிட்டது. மேடையின் காலம் கி.பி. 110 என்று அகழ்ந்தோர் அறிவித்தனர். அதனினும் மிகப் பழமையான காலங்களும் பிறகு சொல்லப்பட்டன. இவற்றில் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. நம் மேடைப் பேச்சாளர்கள் கிடைத்த எண்களில் பெரியதையே பிடித்துக்கொண்டு முழங்குகிறார்கள். கடாரத்தின் பெருமைக்கு மிகை தேவையில்லை என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

செங்கல்லும் வேதாகமமும்

நம் கோயில்களில் அபிடேகத்தின்போது ஸ்ரீருத்ரம் ஓதக் கேட்கிறோம். அது யஜுர் வேதத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால் உள்ளம் சிலிர்க்கும். அக்கினி சயனம் என்னும் பெருவேள்விக்குப் பருந்து வடிவில் வேள்விமேடை கட்டுவார்கள். ஐந்து அடுக்கு; அடுக்குக்கு இருநூறு கல்லாக ஆயிரம் செங்கல். ஒவ்வொரு கல்லையும் மந்திரம் சொல்லியே வைக்க வேண்டும். ஐந்தாம் அடுக்கு முடிந்ததும் மேடை முழுவதும் உருத்திர வடிவாகிறது. அப்போது அப்பெருமானைக் குளிர்விக்கும் ஆகுதிக்கு உரியதே ஸ்ரீருத்ரம். அடுக்கிய செங்கற்கள் தனக்குப் பசுக்களாகப் பயன் தரட்டும் என்று வேள்வித் தலைவன் வேண்டிக்கொள்ளும் பகுதியும் அவ்வேதத்தில் உண்டு. 1975இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் இவ்வேள்வி நடந்தபோதும் பருந்து வடிவ மேடையைச் செங்கல்லால்தான் கட்டினார்கள். நம் சன்னிதிகளில் இன்று முழங்கும் அந்த ஒலி, முதன்முதலில் சுட்ட மண்ணின் முன் நின்று முழங்கியது.

தமிழகத்திலும் கோயில் என்றாலே முன்பு செங்கல்தான். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் குடைவரை அமைத்த மகேந்திரவர்மப் பல்லவன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை ஆக்கியதாகக் கல்லில் பொறித்தான். அவற்றை விட்டது புதுமையாக இருந்ததால்தானே அதைச் சொல்லிக்கொள்ள நேர்ந்தது? அதற்கு முந்திய கோயில் எப்படி இருந்தது என்பதை ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பத்தில் கண்டோம். பல்லவர் காலக் கட்டடத்துக்கு அடியில் செங்கல்லால் ஆன முருகன் கோயில் வெளிப்பட்டது; முன்னால் ஒரு கல்வேலும் இருந்தது. தொல்லியலார் அதைச் சங்க காலத்தது என்கின்றனர்.

இனி மெர்போக் அருங்காட்சியகத்துக்கு வருவோம். அங்கே ஒன்பது குழிகள் வெட்டிய கற்பெட்டிகளைக் காணலாம். பொன் துணுக்குகளும் மணிகளும் இட்டுக் கோயிலின் அடியில் புதைத்தவை. பார்க்க வருவோர் பலர் இவற்றைக் கடந்து போய்விடுகிறார்கள். மயமதம் என்னும் சிற்ப நூலைப் படித்தவர்க்குக் கால் நகராது. முதற்செங்கல் வைக்கும் முறை, செங்கல்லை ஆண், பெண், அலி என்று பகுக்கும் முறை, கர்ப்பந்யாசம் என்னும் கருவைப்பு முறை ஆகியவற்றை அந்நூல் விரித்துரைக்கிறது. ஒன்பது அறையோ இருபத்தைந்து அறையோ உள்ள பேழையில் மணி, உலோகம், தானியம் இட்டு இரவில் வைக்கச் சொல்கிறது. பூமி கருக்கொள்கிறது, அதிலிருந்து கோயில் பிறக்கிறது என்பது இதன் கருத்து. நம் நாட்டில் புதிதாகக் கோயில் எழுப்பும்போதும் நம் சிவாசாரியர்கள் நவரத்தினம் முதலியவற்றை மண்ணுக்குள் வைத்தே பணி தொடங்குகிறார்கள். ஜெராய் மலை அடிவாரத்திலும் யாரோ ஒருவர் அதைச் செய்திருக்கிறார். அவர் பெயர் எந்த மெய்க்கீர்த்தியிலும் இல்லை. கடாரம் வென்ற இராசேந்திர சோழனுக்கு நாம் செய்யும் வணக்கத்தில் பாதியையேனும் அவருக்குச் செய்யலாகாதா?

நட்பும் போரும்

கி.பி. 1005 அளவில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரம் எடுப்பித்தான். சிவபாதசேகரன் என்று புகழப்பட்ட இராசராச சோழன் அந்தப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தான். ஆனைமங்கலச் செப்பேடுகள் எனவும் வழங்கும் லெய்டன் செப்பேடுகள் சொல்லும் செய்தி இது. இருபது ஆண்டு கழித்து, 1025இல், அவன் மகன் இராசேந்திரனின் படை இங்கே வந்தது. ஸ்ரீவிசயம் முதல் கடாரம் வரை அவன் வென்ற ஊர்களைத் தஞ்சைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. அதை நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆனைமங்கலத்தை அறிந்த பிள்ளை ஒன்றையும் நான் கண்டதில்லை. 1090இல் முதற் குலோத்துங்கன் மீண்டும் செப்பேடு வழங்கி அந்த விகாரத்து உரிமைகளை உறுதி செய்தான் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார் இல்லை. படை ஒருமுறை வந்து போனது. கொடுக்கல் வாங்கல் அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. பள்ளத்தாக்கின் செங்கற்கள் அதற்கே சான்று.

பெயர்த்தெடுத்தவை

பட்டினப்பாலை பாடிய அதே உருத்திரங்கண்ணனார் அகநானூற்றில் ஒரு பாழ்மன்றத்தையும் பாடியிருக்கிறார். அது 167ஆம் பாட்டு. நெடிய செங்கற்சுவரிலிருந்து விட்டம் விழுந்துவிட்டது. மாடத்துப் புறாக்கள் போய்விட்டன. சுவரில் எழுதிய கடவுளும் அகன்றுவிட்டார். பலியிடுவார் இல்லை, திண்ணை மெழுகுவார் இல்லை. நாய் குட்டி போட்டிருக்கிறது, கறையான் மொய்த்திருக்கிறது. கடாரத்துப் பண்டம் வந்து குவிந்த வளத்தைப் பாடிய நாவே பாழையும் பாடியது. சுங்கை பத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டே நினைவில் எழும்.

இயற்கை செய்யும் அழிவை உருத்திரங்கண்ணனார் பாடினார். மனிதர் செய்யும் அழிவு அதனினும் கொடியது. அரப்பாவின் செங்கற்களை லாகூர் – முல்தான் இருப்புப்பாதைக்கு அடியில் கொட்டினார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துத் திருமதிற் கற்களை 1836இல் கீழணைக்குக் கொண்டுபோனார்கள். கடாரம் வென்ற இராசேந்திரனின் அரண்மனையும் செங்கல்லால் ஆனதே. அங்கே மாளிகைமேட்டில் தோண்டியபோது அதன் அடிச்சுவர்களே கிடைத்தன. நாகப்பட்டினத்தில், கடாரத்தரசன் எடுப்பித்த விகாரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துத் தள்ளினார்கள். நம் பினாங்கு மாநிலத்திலேயே குவார் கெப்பாவில் கற்கால மக்கள் விட்டுப்போன சிப்பி மேடுகள் சுண்ணாம்புக்காக வெட்டியெடுக்கப்பட்டன. எஞ்சியதில் 2017இல் கிடைத்ததே பினாங்குப் பெண் எனப்படும் எலும்புக்கூடு.

இவையெல்லாம் பழங்கதை என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. 2013இல் நம் கண் முன்னேயே பூஜாங் பள்ளத்தாக்கின் பதினொன்றாம் எண் சண்டி, வீட்டு நில மேம்பாட்டுக்காக இயந்திரத்தால் தரைமட்டமாக்கப்பட்டது. செய்தி வெளியானபோது கட்டடம் இல்லை. பதறினோம், கூட்டம் போட்டோம். டத்தோ வீ. நடராஜன் 'சோழன் வென்ற கடாரம்' என்னும் நூலை எழுதியவர். அவரைப் போன்றோர் பல ஆண்டு பேசியதை அப்போதாவது நாடு காதில் வாங்கியது. ஆனாலும் இடித்தது இடித்ததுதான். மறுபக்கம், யான் வட்டாரத்துப் புக்கிட் சோராஸில் அண்மை ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் சுதையாலான புத்தர் திருவுருவங்கள் வெளிப்பட்டன. மண்ணுக்குள் இன்னும் பல இருக்கின்றன. மண்வாரி இயந்திரம் முந்துமா ஆய்வாளர் முந்துவாரா என்பதே கேள்வி.

இளைஞர்களுக்கு

பள்ளி விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போங்கள். சனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைவு, நடக்க எளிது. சுங்கைப் பட்டாணி வழியாக மெர்போக் சென்று, அருங்காட்சியகத்தில் கற்பெட்டிகளைக் காட்டிவிட்டுப் பிறகு சுங்கை பத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். முறை மாறினால் பிள்ளைகளுக்கு அங்கே வெறும் செங்கல் வரிசைதான் தெரியும். செங்கல் மீது கால் வைக்க வேண்டாம். பக்தி மிகுதியால் திருநீறு, குங்குமம் பூசுவதும், கற்பூரம் ஏற்றுவதும் கூடாது. கைகூப்பி வணங்கினால் போதும். நினைவுக்கு என்று ஒரு துண்டையும் எடுத்து வரலாகாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியப் பெருமக்கள் மாணவரை அழைத்துச் செல்லும் முன் ஆனைமங்கலச் செப்பேட்டின் கதையை வகுப்பில் ஒரு பாடவேளை சொல்லிவிட வேண்டுமென்றும், ஆலய நிருவாகத்தினர் ஆண்டுக்கு ஒரு பேருந்தேனும் அமர்த்தித் தர வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக எங்கேனும் நிலம் வெட்டும்போது பழஞ்செங்கல் தலைகாட்டினால், அன்றே அருங்காட்சியகத்தாருக்குத் தெரிவியுங்கள்.