கமல்ஹாசன்: திரைப்பட இயக்குநர்

கமல்ஹாசன் 1954 நவம்பர் 7 அன்று பரமக்குடியில் பிறந்தார். ஏவி.எம். நிறுவனத்துக்காக ஏ. பீம்சிங் இயக்கிய 'களத்தூர் கண்ணம்மா' (1960) இவரது முதல் படம். பெற்றோர் உயிரோடிருந்தும் அனாதை இல்லத்தில் வளரும் செல்வம் என்ற சிறுவனாக நடித்தார், எம்.எஸ். ராஜேஸ்வரியின் குரலுக்கு வாயசைத்தார். குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 'பார்த்தால் பசி தீரும்', 'பாத காணிக்கை', 'வானம்பாடி', எம்.ஜி.ஆருடன் 'ஆனந்த ஜோதி', மலையாளத்தில் 'கண்ணும் கரளும்' என 1963க்குள் வரிசையாகப் படங்கள் வந்து, அதோடு நின்றன. பால்மணம் மாறியதும் குழந்தை நட்சத்திரங்களைக் கோடம்பாக்கம் மறந்துவிடுவது வழக்கம்தான்.

பிற்கால இயக்குநர் உருவானது இந்த இடைவெளியில் என்றே சொல்ல வேண்டும். டி.கே.எஸ். நாடகக் குழுவில் சேர்ந்து டி.கே. சண்முகத்திடம் பாடம் கேட்டார். ஆண்மகனாக இருந்துகொண்டு ஔவையார் வேடம் கட்டிப் பெயர் வாங்கி, 'அவ்வை' என்ற அடைமொழியையே பெற்றவர் சண்முகம். பிறகு நடன இயக்குநர் தங்கப்பனிடம் உதவியாளர் வேலை. 'மாணவன்' (1970) படத்தில் குட்டி பத்மினியோடு ஒரு பாட்டுக்கு ஆடியது இந்தக் காலத்தில்தான். கே. பாலசந்தரின் 'அரங்கேற்றம்' (1973) இவரை மறுபடி நடிகராக்கியது, ஆர்.சி. சக்தியின் 'உணர்ச்சிகள்' படத்தில் எழுத்துப் பணியிலும் கைகொடுத்தார்.

நட்சத்திரமான பின்னும் இயக்குநர் நாற்காலியில் உட்கார அவர் அவசரப்படவில்லை. நூறாவது படமான 'ராஜ பார்வை'யை (1981) சொந்தமாகத் தயாரித்து, திரைக்கதையில் பங்கெடுத்து, இயக்கத்தைச் சிங்கீதம் சீனிவாச ராவிடம் விட்டார். பார்வையற்ற வயலின் கலைஞரின் கதை அது, வசூலில் தோற்றது. 'தேவர் மகன்' (1992) அவர் எழுத்து, பரதன் இயக்கம். 'மகாநதி' (1994) அவர் எழுத்து, சந்தான பாரதி இயக்கம்.

இவர் பெண்வேடமிட்டு நடித்து, ஆசானுக்கு மரியாதையாகப் பெயர் சூட்டிய 'அவ்வை சண்முகி' (1996), கே.எஸ். ரவிகுமார் இயக்கத்தில் வெளியானது. அதன் இந்தி வடிவமான 'சாச்சி 420' (1997) வேறொருவர் இயக்கத்தில் தொடங்கி இவர் கைக்கு வந்தது. ஆக, நாடகக் குழுவில் பார்த்த பெண்வேடமே 43 வயதில் இவரை இயக்குநராக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில், இரண்டாம் எலிசபெத் அரசியார் முன்னிலையில் 'மருதநாயகம்' தொடங்கியது, பணமின்றி நின்றுபோனது.

தமிழில் முதலில் இயக்கியது 'ஹே ராம்' (2000). இந்தியிலும் உடன் வெளிவந்தது. பிரிவினைக் கலவரத்தில் மனைவியைப் பறிகொடுத்த சாகேத் ராம் காந்தியைக் கொல்லப் புறப்படுகிறான். முதலில் இசையமைத்த எல். சுப்பிரமணியம் விலகியபோது பாடல் காட்சிகள் படமாகிவிட்டன. மறுபடி எடுக்காமல், நடிகர்களின் உதட்டசைவுக்கு ஒட்டும்படி இளையராஜா புதிய மெட்டுகளைப் போட்டார். படம் வசூலில் அடிவாங்கியது. மூன்று தேசிய விருதுகளைப் பெற்றது.

'விருமாண்டி' (2004) முதலில் 'சண்டியர்'. எதிர்ப்பால் பெயர் மாறியது. மரண தண்டனைக் கைதி ஒருவனும் ஆயுள் கைதி ஒருவனும் ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்ல, பார்வையாளர் இரண்டையும் எடைபோட வேண்டும். படப்பிடிப்புத் தளத்திலேயே வசனத்தை ஒலிப்பதிவு செய்ததால் மதுரைப் பக்கத்துப் பேச்சு டப்பிங் மெருகில்லாமல் கேட்கிறது. இவர் இயக்கியவற்றில் கட்டுக்கோப்பானது இதுவே.

'விஸ்வரூபம்' (2013) முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பை அடுத்துத் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டு, சில காட்சிகளில் ஒலி நீக்கப்பட்டபின் பிப்ரவரி 7இல் வெளியாகி நன்றாக ஓடியது. 2018இல் வந்த இரண்டாம் பாகம் எடுபடவில்லை.