வீணாகும் கரியமில வாயுவிலிருந்து ஃபார்மிக் அமிலம்

திருப்பத்தூர் மாவட்டத்தின் வாணியம்பாடி, ஆம்பூர் பகுதித் தோல் தொழிற்சாலைகளில் ஃபார்மிக் அமிலம் அன்றாடம் புழங்கும் பொருள். தோலில் ஏற்றிய சாயம் நிலைத்து நிற்க இதைச் சேர்ப்பார்கள். புகைபோக்கி வழியே வீணாக வெளியேறும் கரியமில வாயுவிலிருந்து (கார்பன் டை ஆக்சைடு) இந்த அமிலத்தைத் தயாரிக்க முடியும். அதற்குத் தேவை தண்ணீர், மின்சாரம், சரியான மின்முனை (எலக்ட்ரோடு).

எந்தப் பொருள் கிடைக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மின்முனையின் உலோகமே. வெள்ளீயம், பிஸ்மத் ஆகியவை ஃபார்மிக் அமிலத்தை அல்லது அதன் உப்பைத் தரும். வெள்ளியும் தங்கமும் கார்பன் மோனாக்சைடைத் தரும். செம்பில் மீத்தேன், எத்திலீன், எத்தனால் வரை கிடைக்கும். செம்பின் இந்தத் தனித்தன்மையை 1980களில் வெளிக்கொண்டு வந்தவர் ஜப்பானிய விஞ்ஞானி யோஷியோ ஹோரி.

உலோகம் மட்டும் போதாது, வடிவமைப்பும் முக்கியம். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1.5 கிராம் கரியமில வாயுவே கரையும். எனவே தண்ணீரில் மூழ்கிய வெறும் உலோகத் தகட்டுக்குப் போதிய வாயு கிடைக்காது. மின்சாரம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை உண்டாக்குவதில் செலவாகிவிடும். இதற்குத் தீர்வாக வந்ததே நுண்துளைகள் கொண்ட கார்பன் மின்முனை. ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் திரவம், இடையில் மெல்லிய உலோகப் பூச்சு. துளைகளில் நீர் புகாதிருக்க டெஃப்லான் சேர்க்கப்படுகிறது. ஆனாலும் நாளடைவில் நீர் கசிந்தும் உப்பு படிந்தும் துளைகள் அடைபடுகின்றன. தீர்க்கப்பட வேண்டிய முக்கியச் சிக்கல் இதுவே.

கணக்கும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ அமிலத்துக்குள் அடங்குவது 0.96 கிலோ கரியமில வாயு. 3 வோல்ட்டில் இயங்கும் கலத்துக்குக் குறைந்தது 3.5 யூனிட் மின்சாரம் தேவை. அது நிலக்கரி மின்சாரமானால், சேமித்ததைவிடப் பல மடங்கு புகை வெளியேறும். சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்தில்தான் இதற்குப் பொருள் உண்டு.

மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் 1953 முதல் மத்திய அரசின் ஆய்வகமான 'சிக்ரி' இயங்கி வருகிறது. அங்கு இத்துறையில் பி.டெக். படிப்பும் உண்டு. வீண்விரயத்தைத் தவிர்க்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. பிளஸ் டூவில் வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தோல் தொழிலை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, இந்தத் துறையைப் பெற்றோர் அறிமுகப்படுத்தலாம்.