மேட்லாப்: பல்கலைக்கழகப் பொதுக் கணினியில்

மேட்லாப் என்பது அணிகளைக் கொண்டு எண்கணிப்பு செய்யும் மென்பொருள். அதற்குரிய நிரல்மொழிக்கும் இதே பெயர்தான். 'மேட்ரிக்ஸ் லேபரட்டரி' என்பதன் சுருக்கம் இது. இன்று ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளாக அறியப்பட்டாலும், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வளாகம் முழுவதும் பகிர்ந்துகொண்ட மெயின்ஃபிரேம் கணினியில் மாணவர் பட்ட பாட்டைக் குறைப்பதற்காகவே இது எழுதப்பட்டது.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. டெடிங்டன் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜே. எச். வில்கின்சன், கிறிஸ்டியன் ரைன்ஷுடன் சேர்ந்து தொகுத்த நேரியல் இயற்கணிதக் கையேடு 1971இல் வெளிவந்தது. அதிலிருந்த அல்கால் நிரல்களில் ஐகன் மதிப்பு தொடர்பானவற்றை அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தார் ஃபோர்ட்ரானுக்கு மாற்றி ஐஸ்பேக் தொகுப்பாக்கினர். நேரியல் சமன்பாடுகளுக்கான லின்பேக் 1979இல் நூலாக வந்தது. ஜாக் டாங்காரா, ஜிம் பன்ச், பீட் ஸ்டூவர்ட், கிளீவ் மோலர் ஆகிய நால்வர் அதன் ஆசிரியர்கள். ஒரு காரின் அருகே இவர்கள் நிற்கும் படம் ஒன்று உண்டு. அந்தக் காருடைய நியூ மெக்சிகோ எண்பலகையில் எண்ணுக்குப் பதிலாக 'லின்பேக்' என்றே பொறித்திருக்கும்.

இரண்டும் சிறந்த தொகுப்புகள்தான். ஆனால் மாணவர் கைக்கு எளிதில் எட்டவில்லை. மூன்று வரிசை, மூன்று நிரல் கொண்ட ஓர் அணியின் ஐகன் மதிப்பு வேண்டுமென்றாலும் ஃபோர்ட்ரானில் முதன்மை நிரல் எழுத வேண்டும். அணியின் அளவை அறிவித்து, சப்ரூட்டீனுக்குரிய உள்ளீடுகளைப் பிசகாமல் வரிசைப்படுத்தித் தர வேண்டும். பிறகு மொழிமாற்றி, இணைத்து, ஏற்றி, பலருடைய வேலைகளுக்கிடையே தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் மறுபடியும் முதலிலிருந்து. கணிதத்தைப் படிக்க வந்தவரின் பொழுது கணினியின் வாசலிலேயே கழிந்தது.

நியூ மெக்சிகோவில் அணிக்கோட்பாடும் எண்முறைப் பகுப்பாய்வும் கற்பித்துவந்த மோலர், ஃபோர்ட்ரான் எழுதாமலே மாணவர்கள் இவ்விரு தொகுப்புகளையும் பயன்படுத்த வழி தேடினார். மொழிபெயர்ப்பி எழுதுவதில் அவருக்கு முன்பயிற்சி இல்லை. நிக்லாஸ் விர்த் 1976இல் வெளியிட்ட நூலில் பிஎல்/0 என்ற சிறுமொழியை அமைத்துக் காட்டியிருந்தார்; அதைப் படித்தே மோலர் தன் நிரலை வடித்தார். முதல் வடிவம் பிறந்த ஆண்டு நூலுக்கு நூல் வேறுபடுவதால் 1970களின் பிற்பகுதி என்று சொல்வதே பொருந்தும். 1960களிலேயே ஆர்கானில் உருவான ஸ்பீக்ஈஸியும் ஐவர்சனின் ஏபிஎல் மொழியும் அணிகளை நேரடியாகக் கையாண்டவை. ஆகவே இவ்வகையில் மேட்லாப்பே முதலாவது என்று கொள்வதற்கில்லை.

அந்த மேட்லாப் மிகச் சிறியது. அதற்குத் தெரிந்த தரவு வகை அணி ஒன்றுதான். ஆணைகளும் சார்புகளும் சேர்ந்தே எண்பதைத் தாண்டா. புதிய சார்பு வேண்டுமென்றால் மோலரிடம் மூலநிரலைப் பெற்று, ஃபோர்ட்ரானில் எழுதிச் சேர்த்து, மீண்டும் மொழிமாற்ற வேண்டும். வரைபடம் என்பது உடுக்குறிகளால் அச்சான புள்ளிகள். பெயர்களில் முதல் நான்கு எழுத்தே கணக்கு. கணினிக்குக் கணினி எழுத்துத் தொகுதி மாறிய காலம் அது. எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்பதற்காக அணியை இன்றுபோல் சதுர அடைப்புக்குள் இடாமல் கோண அடைப்புக்குள் இட்டனர். அலகு அணிக்குரிய 'ஐ' என்ற எழுத்து வேறு பயன்களுக்குத் தேவைப்பட்டதால், அதே ஒலியுடைய, கண் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அதன் பெயராயிற்று. இன்றுவரை அப்படியே இருக்கிறது. ஆணைப் பட்டியலில் ஆங்கிலத்தின் 'ஏன்' என்ற சொல்லும் இருந்தது. கேட்டால் பதில் வரும். கணக்குக்கு அது எவ்வகையிலும் தேவையில்லை; எழுதியவரின் மனம் தெரிவது அதில்தான்.

இடச்சாய்வுக் கோடு ஒன்றை இட்டு சமன்பாட்டுத் தொகுதிக்குத் தீர்வு காணும் முறையும் அப்போதே வந்துவிட்டது. பக்கக்கணக்கான ஃபோர்ட்ரான் ஒரே வரியில் அடங்கிற்று. டெர்மினலில் தட்டிய சற்று நேரத்தில் விடை.

1979-80 கல்வியாண்டில் மோலர் ஸ்டான்ஃபோர்டில் வருகைப் பேராசிரியராக இதை வகுப்பில் பயன்படுத்தினார். கணிதம், கணினியியல் மாணவர்களுக்கு அதில் புதுமை தெரியவில்லை. கட்டுப்பாட்டுப் பொறியியலும் குறிகைச் செயலாக்கமும் பயின்றவர்களோ விடாமல் பற்றிக்கொண்டனர். அவர்களுடைய பாடமே அணிகள்தான். அவர்கள் வழியே நிரல் பாலோ ஆல்ட்டோ நிறுவனங்களுக்குச் சென்றது. கண்ட்ரோல்-சி, மேட்ரிக்ஸ்-எக்ஸ் என்ற வணிக மென்பொருள்கள் அதிலிருந்து கிளைத்தன. பல்கலைக்கழகங்களுக்கு இடையே காந்த நாடாவில் படிகள் கைமாறின.

ஸ்டான்ஃபோர்டில் பயின்ற பொறியாளர் ஜாக் லிட்டில், 1983இல் வேலையை விட்டுவிட்டு காம்பாக் கணினி ஒன்றை வாங்கி, ஸ்டீவ் பாங்கெர்ட்டின் துணையுடன் முழுவதையும் சி மொழியில் திருப்பி எழுதினார். 1984 டிசம்பரில் மேத்வொர்க்ஸ் நிறுவனம் பதிவானது. திருப்பி எழுதிய வடிவம் பிசி-மேட்லாப் என்ற பெயரில் லாஸ் வேகாஸ் மாநாடு ஒன்றில் அறிமுகமானது. 1985இல் எம்ஐடியின் நிக் ட்ரெஃபதென் வாங்கிய பத்துப் படிகளே முதல் விற்பனை. அன்றுமுதல் அது பொதுக் கணினியை மட்டும் நம்பி இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐஸ்பேக், லின்பேக் ஆகிய பழைய தொகுப்புகளின் இடத்தை லாபேக் என்ற தொகுப்பு எடுத்துக்கொண்டது.

உரிமக் கட்டணம் இல்லாத மாற்றுகளும் பல்கலைக்கழகத்திலும் ஆய்வகத்திலும் பிறந்தவையே. விஸ்கான்சின், டெக்சஸ் பேராசிரியர் இருவரின் வேதிவினைக்கலன் பாடநூலுக்குத் துணையாக எண்ணப்பட்ட குனு ஆக்டேவை 1992இல் ஜான் ஈட்டன் எழுதத் தொடங்கினார். பெயர் இசையிலிருந்து வந்ததன்று. அவருடைய ஆசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயர். பிரான்ஸின் இன்ரியா நிறுவனத்தில் சைலேப் உருவானது. அதைப் பரப்பிய மும்பை ஐஐடியின் காணொளிப் பாடங்கள் தமிழிலும் உள்ளன.

மோலர் 1995இல், பல செயலிகளில் ஒரே நேரத்தில் கணக்கிடும் இணைக்கணிப்பு மேட்லாப் ஏன் இல்லை என்று விளக்கிக் கட்டுரை எழுதினார். 2004இல் அதற்கான கருவி வந்தது. பொதுக் கணினியும் மறைந்துவிடவில்லை. இப்போது பல வளாகங்களின் கணினித் தொகுதிகளில் ஸ்லர்ம் போன்ற மென்பொருள் வேலைகளை வரிசைப்படுத்துகிறது; நிரலைக் கோப்பாகக் கொடுத்துவிட்டு முறை வரக் காத்திருக்க வேண்டும். திரையில்லாமல் அவ்வாறு ஓட்டுவதற்கென 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் 'பேட்ச்' என்ற தொடக்க ஆணை சேர்க்கப்பட்டது.